மெஸ்ஸியும் வேண்டும், நம்ம கிரவுண்டும் வேண்டும்

தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், தம்பி. தமிழில் உதைபந்தாட்டச் சேனல் தொடங்கப் போகிறாய். மெஸ்ஸியைப் பேசுவதா, நம்ம தலவாக்கலைத் தோட்டத்துப் பையன்களைப் பேசுவதா என்பதுதானே உன் கேள்வி?

மெஸ்ஸியைப் பேசினால் கொழும்பிலிருந்து டொரன்டோ வரை தமிழர்கள் பார்ப்பார்கள். உள்ளூர் ஆட்டத்தை மட்டும் போட்டால் நம்ம லயத்தோடு நின்றுவிடும். ஆனால் மெஸ்ஸியின் கோலைச் சொல்ல எல்லா மொழியிலும் ஆள் இருக்கிறது. தோட்டத்துப் பையன் அடித்த கோலை நீ சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? அதனால் இரண்டும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது, உள்ளூரிலிருந்து பெரிய ஆட்டத்துக்குப் போன ஆட்டக்காரன்தான்.

உக்ரைனைப் பார். அங்கே வர்ணனையாளர் விக்டர் வாட்ஸ்கோ போன்றவர்கள் தங்கள் மொழியிலேயே சேனல் நடத்துகிறார்கள். 2023–24இல் ஆர்தெம் டோவ்பிக், ஜிரோனா அணிக்காக 24 கோல் அடித்து ஸ்பெயின் லா லிகாவில் முதலிடம் பிடித்தார். அதற்கு முன் அவர் ஆடியது உள்நாட்டு லீக்கில், டினிப்ரோ-1 அணிக்கு. அவரைப் பற்றிப் பேசினால் ஸ்பெயினையும் சொல்லலாம், உள்ளூர் லீக்கையும் சொல்லலாம்.

நமக்கும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் இந்தியாவின் டூரண்ட் கிண்ணப் போட்டியில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1–0 என வென்றது. அந்த ஒரே கோலை அடித்த நந்தகுமார் சேகர், சென்னை வியாசர்பாடிக்காரர். அந்தக் கோலைக் காட்டிவிட்டு, வியாசர்பாடியில் பிள்ளைகள் எப்படிப் பழகுகிறார்கள் என்று சொல். யாழ்ப்பாணத்துக்காரரும் பார்ப்பார், நம்ம ஊர்க்காரரும் பார்ப்பார்.

உலகச் செய்தியையும் நம்ம பக்கத்திலிருந்து தொடங்கலாம். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. தடைக்குக் காரணம், சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் தலையிடக்கூடாது என்ற ஃபிஃபாவின் விதி. தடை இருக்கும்வரை தேசிய அணி சர்வதேசப் போட்டி எதிலும் இறங்க முடியாது. ஃபிஃபா எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஐரோப்பியச் செய்தியும் நம்மவருக்கு விளக்காது.

இனி வேலைக்கு வருவோம். ஆஃப்சைட் பற்றி விளக்க வேண்டுமா? பிரீமியர் லீக் ஆட்டத்தில் நடந்ததை முதலில் சொல். பிறகு ஞாயிற்றுக்கிழமை நம்ம கிரவுண்டில் நீயே போனில் எடுத்த காட்சியைப் போட்டு, பந்தைக் கொடுப்பவனின் கால் பந்தில் முதலில் பட்ட கணத்தில் நிறுத்து. யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டு. விதி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஐரோப்பிய ஆட்டத்தின் வீடியோவை அப்படியே எடுத்துப் போட்டால் உரிமைக்காரர்கள் நீக்கிவிடுவார்கள். உன் காட்சி உன்னுடையது.

இன்னொன்று. நம்ம பிள்ளைகளை "ஏழைத் தோட்டத்துப் பையன்" என்று பரிதாபமாகக் காட்டாதே. இடது காலால் நன்றாக அடிக்கிறானா, அதைச் சொல். பந்தை நிறுத்தத் தெரியவில்லையா, அதையும் சொல். மெஸ்ஸியின் ஆட்டத்தை அலசுகிற அதே கவனத்தோடு அவன் ஆட்டத்தையும் அலசு. அதுதான் அவனுக்கு நாம் கொடுக்கும் மரியாதை.