பூட்டு அல்ல, சங்கிலி

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லைக்கு அருகிலுள்ள ஹெரிஃபோர்டு பேராலயத்தில் ஏறத்தாழ 1,500 பழைய நூல்கள் இரும்புச் சங்கிலியால் பிணைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 229 இடைக்காலக் கையெழுத்துப் படிகள். அவற்றில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நற்செய்தி நூலும் ஒன்று.

நூல்களைக் கையால் எழுதிய காலத்தில் ஒரு படி உருவாகப் பல மாதங்கள் ஆகும். பதப்படுத்திய தோலும் விலை மிகுந்தது. களவு போகாமலிருக்கப் பெட்டியில் பூட்டிவிடலாம். ஆனால், யாரும் படிக்க இயலாது. இதற்குத் தீர்வாக அமைந்ததே சங்கிலி. 1611இல் செய்யப்பட்ட இந்த அலமாரிகளில், சங்கிலியின் ஒரு முனை நூலின் முன்னட்டை ஓரத்திலும், மறுமுனை அலமாரியின் கம்பியிலும் இணைந்திருக்கும். நூலின் முதுகுப்புறம் உள்நோக்கி இருக்கும். அதனால், நூலை எடுத்துக் கீழுள்ள மேசையில் விரிக்கும்போது சங்கிலி முறுக்கிக்கொள்ளாது. நூல் அறையை விட்டு வெளியேறாது, வாசகருக்கும் தடையில்லை.

இப்பேராலயத்தின் மற்றொரு செல்வம், சுமார் 1300இல் ஒரே கன்றுத்தோலில் வரையப்பட்ட உலகப்படம். அதில் கிழக்குத் திசை மேலே உள்ளது. எருசலேம் நடுவில் உள்ளது. பிரிட்டன் இடப்புறம் கீழ் ஓரத்தில் ஒதுங்கியுள்ளது. நகரங்களோடு விலங்குகளும் விவிலியக் காட்சிகளும் இடம்பெற்றுள்ளன. இது வழி காட்டும் படம் அன்று. அக்கால மக்கள் உலகை எவ்வாறு எண்ணினர் என்பதைக் காட்டும் சான்று.

1988இல், நிதி நெருக்கடியால் இப்படத்தை விற்கப் பேராலய நிர்வாகம் முன்வந்தது. மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது, நன்கொடைகள் குவிந்தன, விற்பனை கைவிடப்பட்டது. 1996இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தில் படமும் நூலகமும் இன்று பார்வைக்கு உள்ளன. 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இப்படம் இடம்பெற்றது.

சமூக அறிவியல் வகுப்பில் இப்படத்தைக் காட்டி, "இதில் என்ன தவறு?" என்று கேட்பதைவிட, "வரைந்தவர் எதை முக்கியமாகக் கருதினார்?" என்று கேட்கலாம். பிறகு, மாணவர்கள் தம் ஊரை வரையட்டும். நடுவில் பள்ளியை வைப்பவர் யார், கோவிலை வைப்பவர் யார், தன் வீட்டை வைப்பவர் யார் என ஒப்பிட்டுப் பேசினால், வரலாற்றுச் சான்றை வாசிக்கும் முறை எளிதில் விளங்கும்.

நம் பள்ளி அலமாரியிலும் நூல்கள் உண்டு. கிழிந்துவிடும், தொலைந்துவிடும் என்ற அச்சத்தில் அவற்றைப் பூட்டியே வைத்தால், பாதுகாத்தும் பயனில்லை. பாதுகாப்பும் பயன்பாடும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அச்சங்கிலிகள் சொல்லும் பாடம்.