கள்ளிச் செடியும் பீங்கான் தொட்டியும்

விருத்தாசலம் என்றதும் மணிமுத்தாற்றங்கரையும் பழமலைநாதர் ஆலயமும் நினைவுக்கு வரும். பீங்கான் பொம்மைகளாலும் ஜாடிகளாலும் அவ்வூர் பெயர் பெற்றிருக்கிறது. அந்தச் சுதேசித் தொட்டியொன்றை வாங்கி, கற்றாழையோ கள்ளியோ நட்டு, நாள்தோறும் அன்புடன் நீர் வார்க்கிறோம். மழைக்காலம் முடிவதற்குள் செடி அழுகிச் சாய்கிறது. பழியோ தொட்டியின் மேல் விழுகிறது!

குற்றம் பீங்கானுடையதன்று. வேருக்கும் சுவாசம் உண்டு. சாதாரண மண்தொட்டியின் நுண்துளைகள் வழியே ஈரம் கசிந்து உலரும். பீங்கானின் மேற்பூச்சு சூளையில் உருகிக் கண்ணாடிபோல் ஆகிவிடுவதால் அவ்வழி அடைபடுகிறது. அடியில் துவாரமும் இல்லையெனில் நீர் தேங்கும், காற்று நீங்கும், பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் வேரை அழுகச் செய்யும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாதாகையால் இலை வாடுகிறது. அதைத் தாகமென்று எண்ணி மேலும் நீர் விடுவதே பெரும் பிழை.

அடித்தண்டு கறுத்து, இலை குழைந்தால், உடனே செடியை எடுத்து மண்ணை உதறுங்கள். சுத்தமான கத்தியால், கறையற்ற சதை தெரியும்வரை அழுகலை அறுத்தெறியுங்கள். கள்ளிப்பால் கண்ணில் படலாகாது. நாலைந்து நாள் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின், பாதிக்குப் பாதி பருமணல் கலந்த மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் நீர் வேண்டாம். பிறகும் மண் முற்றும் உலர்ந்தாலன்றி வார்க்கலாகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடி தாழ்வாரத்தில் இருக்கட்டும்.

தொட்டி வாங்கும்போது துவாரமுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். நாம் கேட்டால்தானே செய்பவரும் துவாரமிடுவார்! செடியும் பிழைக்கும், நம் ஊர்த் தொழிலின் நற்பெயரும் நிலைக்கும்.