சுமை தூக்கியவர்கள் கட்டிய ஆலயம்



சும்மாடு வைத்துச் சுமை தூக்கியவர்களுக்குத்தான் கல்லின் கனம் தெரியும். அப்படிப்பட்டவர்கள் கட்டிய ஓர் ஆலயத்தைப் பற்றி இன்று சிந்திப்போம்.

ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில், துறைமுகத்தை ஒட்டிய ரிபேரா பகுதியில் இருக்கிறது 'கடல் அன்னை மரியா' ஆலயம். நகரின் பேராலயம் வேறு. இது வணிகர்களும் கைவினைஞர்களும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்து தங்களுக்காக எழுப்பிய பங்கு ஆலயம். 1329ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று, அன்னைக்கு வானதூதர் மங்களம் சொன்ன திருநாளில், அடிக்கல் நாட்டினார்கள். வசதி உள்ளவர்கள் பணம் கொடுத்தார்கள். துறைமுகச் சுமைத் தொழிலாளர்களிடம் பணம் இல்லை, முதுகு இருந்தது. கப்பல் சரக்கைச் சுமந்த அதே முதுகில், மோன்ஜுயிக் குன்றின் கற்களைச் சுமந்து வந்தார்கள்.

பெரிய ஆலயங்களைக் கட்டி முடிக்க நூறு, இருநூறு ஆண்டுகள் ஆன காலம் அது. இந்த ஆலயமோ 1383இல், 54 ஆண்டுகளில் முடிந்துவிட்டது. அதனால் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அமைப்பாக நிற்கிறது. உள்ளே எண்கோண வடிவில் மெல்லிய தூண்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஏறத்தாழ 13 மீட்டர் இடைவெளி. பக்கப் பகுதிகளும் நடுப்பகுதியும் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதால், கூரை வளைவுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. தூண்கள் பருமனாக இருக்கத் தேவையில்லை. ஓரத்தில் நிற்கும் ஏழையின் பார்வையும் தடையின்றிப் பீடத்தை எட்டும்.

1428இல் நிலநடுக்கம் வந்து, முகப்பின் வட்டக் கண்ணாடிச் சாளரம் இடிந்து விழுந்தது. மீண்டும் கட்டினார்கள். 1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய நாள்களில் ஆலயத்துக்குத் தீ வைத்தார்கள். 11 நாள்கள் எரிந்தது. பிற்காலத்தில் அமைத்த ஆடம்பரமான பீடம் சாம்பலானது. தொழிலாளர்கள் சுமந்து வந்த கற்களோ நிலைத்து நின்றன.

தலைவாயில் கதவில் இரண்டு சிறிய வெண்கல உருவங்கள் உண்டு. அவை மன்னர்களின் உருவங்கள் அல்ல. சுமையோடு குனிந்து நடக்கும் தொழிலாளர்களின் உருவங்கள்.

அன்பர்களே, நம் ஆலயச் சுவர்களில் நன்கொடையாளர் பெயர்கள் இருக்கின்றன. அது நல்லதே. ஆனால், மணல் சுமந்த தாயின் பெயர் எங்கே இருக்கிறது? வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், உங்கள் பங்கின் முதியவர் ஒருவரிடம், "இந்தக் கோவிலைக் கட்டியபோது கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் யார்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.