இரண்டு பேருக்குச் சாப்பாடா?

கர்ப்பிணிக்குப் பரிமாறும்போது, "நீ இப்போது இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும், அம்மா!" என்று சொல்லி இன்னொரு கரண்டி சாதத்தை இலையில் சாய்ப்பது நம் இல்லங்களில் வழக்கம். மசக்கையில் துவண்டு மெலிந்த பெண்ணுக்கு அந்த உபசாரம் அமிர்தமே. முன்னரே கனத்த தேகமுடையவளுக்கும் அதையே செய்கிறோமே, அங்கேதான் அபாயம் புகுகிறது. பள்ளியிலே கூட்டல் கற்பிக்கும் நாமே சொல்கிறோம்: ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற கணக்கு இந்த விஷயத்தில் செல்லாது. நான்காம் மாதம் முதல் கர்ப்பிணிக்கு அதிகப்படியாக வேண்டுவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 350 கலோரிதான். மூன்று இட்டிலியும் சாம்பாரும் ஒரு தம்ளர் பாலும் அதற்குப் போதும்.

இது யாரோ சிலர் வீட்டுச் சங்கதியன்று. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடையுள்ளவர்கள்.

கொழுப்பு மிகுந்த உடலிலே இன்ஸுலின் சரிவர வேலை செய்வதில்லை. கர்ப்ப காலத்தில் நஞ்சிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் அதை மேலும் தடுக்கின்றன. இரத்தத்தில் ஏறிய சர்க்கரை தாயோடு நிற்காமல் சிசுவையும் அடைகிறது. சிசுவும் அளவுக்கு மீறிக் கொழுக்கிறது. "குழந்தை நாலரைக் கிலோ!" என்று சுற்றத்தார் பூரிக்கின்றனர். அத்தகைய சிசுவின் தோள் பிரசவத்தில் சிக்கிக்கொண்டால் நேரும் தவிப்பை வைத்தியரும் தாதியுமே அறிவர். தாய்க்கோ இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வரையில் போகலாம். காலில் இரத்தம் உறையலாம். சிசேரியன் செய்ய நேர்ந்தால் புண் ஆற நாளாகலாம்.

கர்ப்பிணிகள் யாவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்யத் தமிழ்நாட்டு அரசு 2007-லேயே ஏற்பாடு செய்தது. சென்னை டாக்டர் வீ. சேஷையா முதலியோர் பரப்பிய முறை மிக எளியது. 75 கிராம் குளுகோஸ் கரைத்த நீரைப் பருகி, 2 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். 140 மில்லிகிராமை எட்டினால் சிகிச்சை அவசியம். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. காலையில் பழையது உண்டு பஸ் ஏறி வரும் கிராமத்துப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம்!

இதைக் கேட்டுப் பட்டினி கிடக்கத் தொடங்குவது அதனினும் கேடு. கர்ப்பம் இளைப்பதற்குரிய காலமன்று. இளைப்பதாயின் அதற்கு முன்பே இளைக்க வேண்டும். பருத்தவளெல்லாம் சத்து நிறைந்தவள் என்பதும் தப்பெண்ணம். கனத்த உடலிலும் சோகை குடியிருக்கும். சாதத்தைக் குறைத்துக் கீரையும் பருப்பும் கூட்டலாம். வைத்தியர் தடுக்காவிடில் மாலையில் அரை மணி நேரம் நடக்கலாம். இரண்டாம் கரண்டி நெய்யை மறுக்கும் மருமகளை ஏசும் மாமியார், ஒரு முறை அவளுடன் சோதனைக்குச் சென்று டாக்டர் சொல்வதைத் தாமே கேட்டு வரட்டும்.