பாடும் சிறாரும் பாராமுகச் சட்டமும்

புது தில்லி: "குர்பானி' ஹிந்தித் திரைப்படம் 1980-இல் வெளியாகி அதன் பாடலொன்று நாடெங்கும் ஒலித்தபோது, அதைப் பாடிய நாஜியா ஹசனுக்கு வயது 15. பாகிஸ்தானைச் சேர்ந்த அவர், சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்பேர் விருதையும் பெற்றார். அடுத்த ஆண்டே அவரது குரலில் வெளிவந்த "டிஸ்கோ தீவானே' பாப் இசைத் தொகுப்பு இந்தியாவிலும் பெரும் வெற்றி பெற்றது. பின்னர் அவர் சட்டமும் பயின்றார்.

பதின்வயதுச் சிறார் வணிகரீதியில் பாடல் வெளியிடலாம் என்போர் இதைச் சான்றாகக் காட்டக்கூடும். ஆனால், அன்று இசைத்தட்டு நிறுவனத்தின் கதவு திறந்தால்தான் பாடல் வெளிவரும். இன்று கைப்பேசி போதும். சத்தீஸ்கரின் சுக்மா மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் பள்ளியில் பாடிய காட்சி 2021-இல் சமூக ஊடகங்களில் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில், அச்சிறுவனையும் சேர்த்து அப்பாடலைப் புதிய வடிவில் வெளியிட்டார் ராப் பாடகர் பாத்ஷா. வாய்ப்பு எளிதாகியிருக்கிறது, பாதுகாப்பு அவ்வாறு இல்லை.

14 வயதுடன் சரி: குழந்தைத் தொழிலாளர் திருத்த மசோதா 2016 ஜூலையில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்த அச்சட்டம், குடும்பத் தொழிலுக்கும் கலைத்துறைக்கும் விலக்கு அளித்தது. குடும்பத் தொழிலுக்கான விலக்கு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கலைத்துறை விலக்கு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

2017-இல் வகுக்கப்பட்ட விதிகள், குழந்தைக் கலைஞர் நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பணிபுரியக் கூடாது என்கின்றன. மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகச் செலுத்த வேண்டும்.

நல்ல விதிகள்தாம். ஆனால், இவை 14 வயதுக்கு உட்பட்டோருக்கே. 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினருக்கு அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடை உள்ளது. பாடல் பதிவு அப்பட்டியலில் இல்லை. எனவே, 13 வயதுப் பாடகருக்குக் கிடைக்கும் வைப்புத்தொகைப் பாதுகாப்பு 15 வயதுப் பாடகருக்கு இல்லை. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வரைவு நெறிமுறைகள் சமூக ஊடகங்களையும் கருத்தில் கொண்டன. எனினும், நெறிமுறை சட்டத்துக்கு ஈடாகாது.

ஒப்பந்தம் யாருடையது?: 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்ய இயலாது. அவ்வாறு செய்தால் அது செல்லாது என 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. சிறாரைக் காக்கவே இந்த ஏற்பாடு. ஆயினும், அதுவே அவர்களுக்கு எதிராகத் திரும்பியதும் உண்டு. மைனர் மகளை நடிகையாக்கத் தந்தை ஒருவர் படத் தயாரிப்பாளருடன் ஒப்பந்தம் செய்தார். தயாரிப்பாளர் அதை முறித்தபோது, அந்த ஒப்பந்தமே செல்லாது என்று கூறி, இழப்பீடு தர பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1949-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் இத்தீர்ப்பு இடம்பெற்றுள்ளது.

2012-இல் நிறைவேறிய பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாடகர்களுக்கு ராயல்டி பெறும் உரிமையை வழங்கியது. அத்தொகையைப் பாடகரின் 18 வயது வரை தனியே காக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

பருவ மாற்றத்தில் சிறுவனின் குரல் உடைந்துவிடும். பதிவான பாடலோ நிலைத்திருக்கும். வெளியான ஒலிப்பதிவுக்கு இந்தியாவில் பதிப்புரிமை 60 ஆண்டுகள். 15 வயதில் பாடிய பாட்டு, பாடியவரின் 75 வயது வரை யாருக்கோ வருமானம் ஈட்டும்.

ஆகவே, சிறார் பாடலாமா என்பதல்ல கேள்வி. திறமைக்குத் தடை போடுவது தீர்வாகாது. வைப்புத்தொகை விதியை 18 வயது வரை நீட்டிக்கவும், சிறாரின் பாடல் ஒப்பந்தங்களுக்கு மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கவும், 18 வயதை எட்டியதும் நிபந்தனைகளைத் திருத்திக்கொள்ளும் உரிமையைப் பாடகருக்கு வழங்கவும் நாடாளுமன்றத்தால் முடியும். சிறாரின் குரலை ரசிக்கும் நாடு, அவர்களது உழைப்புக்கும் காவலாக நிற்க வேண்டாமா?