இன்டர்லொக் கல்லின் ஆயுள் அடித்தளத்தில்

கடை வாசல், வீட்டு முற்றம், பள்ளிவாசல் வளவு என்று மஹய்யாவயிலும் சுற்றுப்புறங்களிலும் இன்டர்லொக் கல் பதிப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. பார்வைக்கு அழகு, சேறு இல்லை, பழுதானால் கழற்றி மீண்டும் பதிக்கலாம். ஆனால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சக்கரத் தடம் பள்ளமாகி, ஓரக் கற்கள் விலகிப் போன முற்றங்களும் குறைவில்லை.

பலர் கல்லைத்தான் குறை சொல்கிறார்கள். நான் பார்த்த இடங்களில் கல் உடைந்திருக்கவில்லை. அதன் கீழே இருந்த மண்தான் இறங்கியிருந்தது.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் தமது கடை வாசலுக்கு மூவரிடம் விலை கேட்டு, ஆகக் குறைந்த விலை சொன்னவருக்கு வேலையைக் கொடுத்தார். கல் நல்ல கல்தான். ஆனால் வெறும் மண்ணின் மேல் இரண்டு அங்குலம் குவாரி டஸ்ட் போட்டுப் பதித்திருந்தார்கள். சரக்கு லொறி நின்ற இடமெல்லாம் முதல் பெருமழையோடு இறங்கியது. கல்லைக் கழற்றி, மண்ணை வெட்டி, புதிதாக அடித்தளம் போட்டு மீண்டும் பதிக்க வேண்டியதாயிற்று. கூலி இரண்டு தடவை போனது. அத்தனை நாளும் வாசல் அடைபட்டதால் போன வியாபாரம் எந்தப் பில்லிலும் எழுதப்படுவதில்லை.

பழைய பாடம்

இது புதிய விடயமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கடம் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் வீதி அமைப்பு பற்றிச் சொன்னது இதுதான்: பாரத்தைக் கடைசியில் சுமப்பது மண்; அது உலர்ந்திருக்கும் வரை சுமக்கும். உடைத்த கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பாரத்தைப் பரப்பவும், மண்ணில் நீர் இறங்காமல் காக்கவும் வேண்டும். கப்டன் டோசன் 1820களில் அமைத்த கொழும்பு - கண்டி வீதியும் அதே காலத்ததுதான். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவயில் இன்றும் நிற்கிறது. அவ்வூர் நெடுஞ்சாலை அருங்காட்சியகத்தில் உள்ள பழைய ரோலர்களைப் பார்த்தால், கல்லைக் கொட்டுவதை விட இறுக்குவதே பெரிய வேலை என்பது விளங்கும்.

எந்தப் பொருள்?

ஏபிசி: 37.5 மில்லிமீற்றர் கல்லிலிருந்து தூள் வரை எல்லா அளவும் கலந்தது. பெரிய கல்லின் இடைவெளியைச் சிறிய கல்லும், அதன் இடைவெளியைத் தூளும் நிரப்புவதால் நன்றாக இறுகும். வாகனம் ஏறும் இடத்துக்கு இதுவே பொருத்தம்.

முக்கால் மெட்டல்: ஒரே அளவுக் கல். நீர் நன்றாக வடியும். ஆனால் ஏபிசியைப் போல் இறுகாது. மேலே போடும் மணலும் இடைவெளிக்குள் இறங்கிவிடும். இதைப் பாவிப்பதானால் மணலுக்கும் கல்லுக்கும் இடையில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும்.

கிறவல்: பள்ளமான நிலத்தை உயர்த்த உதவும். நனைந்தால் பலம் குறையும். ஆகவே இது கீழ்ப்படைக்கு மட்டும்.

குவாரி டஸ்ட்: மணலை விட மலிவு என்பதால் கல்லுக்கு அடியில் போடுகிறார்கள். மாவு போன்ற நுண்தூள் அதிகமிருந்தால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரடான, கழுவிய மணலே படுக்கைக்கு நல்லது.

உடைந்த செங்கல், சாந்துக் கட்டி போன்ற கட்டட இடிபாடுகளை அடித்தளமாக ஏற்க வேண்டாம். அவை நாளடைவில் நொறுங்கி இறங்கும்.

கணக்கு இதோ

40 அடி நீளம், 15 அடி அகலமான கடை வாசல் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 600 சதுர அடி. கார், சிறிய லொறி நிற்கும் இடம் என்பதால் 80 மில்லிமீற்றர் கல் வேண்டும். ஆட்கள் மட்டும் நடக்கும் பாதைக்கு 60 மில்லிமீற்றர் போதும்.

இறுக்கிய பின் 6 அங்குல ஏபிசி வேண்டும். 600 x 0.5 = 300 கன அடி. ஒரு கியூப் 100 கன அடி. ஆகவே 3 கியூப். இறுக்கும்போது குறைவதற்காகக் கால்வாசி கூட்டினால் 3.75 கியூப்.

படுக்கை மணல் ஒன்றரை அங்குலம். 600 x 1.5 ÷ 12 = 75 கன அடி. சேதாரம், இடுக்கு நிரப்பும் மணல் ஆகியவற்றையும் சேர்த்து 1 கியூப்.

கல், வெட்டுச் சேதாரத்துக்கு 5 வீதம் கூட்டி 630 சதுர அடி. ஒரு பக்கம் கடைச் சுவர் என்பதால் மற்ற மூன்று பக்கமும் 70 அடிக்கு ஓரக்கட்டு.

பலர் மறப்பது அடுத்ததைத்தான். கல், மணல், ஏபிசி மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ பத்தரை அங்குலம் தோண்ட வேண்டும். அது 525 கன அடி. வெட்டிய மண் உப்பும் என்பதால் ஆறரை கியூப் அளவுக்கு ஏற்றி அகற்ற வேண்டியிருக்கும். ஒடுங்கிய ஒழுங்கைக்குள் பெரிய டிப்பர் வராது. சிறிய வண்டியில் பல நடை போக வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை கொடுக்கும் சிறு ஒப்பந்தக்காரர்களின் இலாபம் இந்த மண்ணோடுதான் போகிறது.

அந்த மண்ணைப் பின்பக்கச் சரிவில் தள்ளிவிடுவது இன்னும் ஆபத்து. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது கண்டி மாவட்டம் மண்சரிவால் பட்ட துயரத்தை நாம் மறக்க முடியாது.

வாங்கும்போது

டிப்பர் வந்ததும் கொட்டுவதற்கு முன் அளவுநாடாவைப் பிடியுங்கள். பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், பொருள் நிரம்பிய உயரம் இரண்டரை அடி என்றால் 150 கன அடி, அதாவது ஒன்றரை கியூப். இரண்டு கியூப் என்று பில் வந்தால் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அளவில் நேர்மை விற்பவருக்கும் கடமை, வாங்குபவருக்கும் உரிமை. ஈர மணல் உப்பி நிற்கும். அதே மணல் காய்ந்தால் அளவு கணிசமாகக் குறையும். மழை நாளில் மணல் எடுப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

வேலை நடக்கும்போது

ஏபிசியை ஒரேயடியாகக் கொட்டி இறுக்கக் கூடாது. மூன்று அங்குலம் போட்டு, இலேசாக நனைத்து, கம்பக்டரால் இறுக்கி, அதன் பின்பே அடுத்த மூன்று அங்குலம். மேடு பள்ளத்தை ஏபிசியிலேயே சரிசெய்ய வேண்டும். மணலால் நிரப்பினால் அந்த இடம் பிறகு இறங்கும். கடையிலிருந்து வெளியே அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுங்கள். 15 அடிக்கு மூன்றே முக்கால் அங்குலம் வரும். சரிவான இடத்தில் கீழிருந்து மேல்நோக்கிக் கல் பதிக்க வேண்டும். கீழ் ஓரக்கட்டில் நீர் வடியச் சிறு துளைகள் விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இறங்கிய மழைநீர் மணலிலேயே தேங்கும்.

2022 நெருக்கடியில் எரிபொருள் விலை ஏறியபோது கல்லும் மணலும் என்ன பாடுபடுத்தின என்பது எமது வர்த்தகர்களுக்குத் தெரியும். செலவைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் கல்லின் நிறத்திலும் வடிவத்திலும் குறையுங்கள். வேலையை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். அடித்தளத்தின் தடிப்பில் கை வைக்காதீர்கள்.

விலை கேட்கும்போது தோண்டும் ஆழம், இறுக்கிய பின் ஏபிசியின் தடிப்பு, மணலின் வகை, ஓரக்கட்டின் நீளம், மண் அகற்றும் செலவு ஆகிய ஐந்தையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று விலைகளையும் அப்போதுதான் நியாயமாக ஒப்பிட முடியும்.