செக்ரோலும் தரவுத்தளமும்: பொருளுக்குள் இருக்கும் பட்டியலை அட்டவணையில் வைப்பது எப்படி?



நான்காம் படிவக் கணினி அறிவியலில் தரவுத்தளப் பாடம் வரும்போது வகுப்பில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: "ஒரு ஆளுக்கு நிறைய பதிவு இருந்தா, எல்லாத்தையும் எந்தக் கட்டத்துல எழுதுறது சார்?" இதற்கு நம்ம தோட்டத்துக் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தாத்தா பாட்டி வேலை செய்த கதையை வீட்டில் கேட்டிருப்பீர்கள். விடியற்காலையில் பெரட்டு. கிராணி செக்ரோலில் பெயர் போடுவார். பால்மரம் வெட்டி முடிந்ததும் ஸ்டோரில் பாலை நிறுப்பார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் கூலி.

இதையே நிரலாக எழுதினால், 'தொழிலாளி' என்று ஓர் ஆப்ஜெக்ட், அதாவது பொருள், இருக்கும். அதற்குள் எண், பெயர், அதோடு 'நிறுவைகள்' என்ற பட்டியல். ஜாவாவில் இது சுலபம். பட்டியல் பொருளுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

அட்டவணையில் அப்படி முடியாது. 1970-இல் எட்கர் காட் முன்வைத்த உறவுநிலை மாதிரியில் ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்புதான். 'நிறுவை1', 'நிறுவை2' என்று 31 நெடுவரிசை போட்டால்? ஒரே நாளில் இரண்டு தடவை நிறுத்தால் இடம் இருக்காது. வராத நாளெல்லாம் காலியாகக் கிடக்கும். இயல்பாக்கத்தின் முதல் படியே இந்த மாதிரித் திரும்பத் திரும்ப வரும் கட்டங்களை நீக்குவதுதான்.

அப்படின்னா என்ன செய்வது? இரண்டு அட்டவணை போடுங்கள். 'தொழிலாளி' அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரிசை. 'நிறுவை' அட்டவணையில் ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு வரிசை: நிறுவை எண், தேதி, எடை, தொழிலாளி எண். கடைசியில் உள்ளதுதான் அயல் சாவி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிரலில் தொழிலாளிதான் தன் நிறுவைகளைக் கையில் வைத்திருக்கிறார். அட்டவணையிலோ ஒவ்வொரு நிறுவையும் "நான் 17-ஆம் எண் ஆளுடையது" என்று சொல்கிறது. திசை தலைகீழாகிவிட்டது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இந்தத் திசைமாற்றத்தை நமக்காகச் செய்யும் கருவிதான் ஓ.ஆர்.எம். ஜாவாவில் பெயர்பெற்றது 2001-இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட். பட்டியலின் மேல் 'ஒன்-டு-மெனி' என்று குறிப்பு எழுதினால், எஸ்.கியூ.எல். கட்டளைகளை அதுவே எழுதிக்கொள்ளும். ஆனால் கருவி செய்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டால் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வோம்.

1. எழுதும் பொறுப்பு. தொடர்பை இரு பக்கமும் குறித்திருந்தால், வழக்கமாக அயல் சாவியை எழுதுவது நிறுவையின் பக்கம். தொழிலாளியின் பட்டியலில் மட்டும் சேர்த்துவிட்டு, நிறுவையிடம் "உன் ஆள் இவர்" என்று சொல்லாமல் விட்டால், தரவுத்தளத்தில் அந்தத் தொடர்பு பதிவாகாது. திரையில் அப்போதைக்குச் சரியாகத் தெரியும். மறுபடி திறந்தால் அந்த ஆள் கணக்கில் அந்த எடை இருக்காது.

2. அழித்தல். ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று அவரை நீக்குகிறீர்கள். 'கேஸ்கேட்' அழிப்பு போட்டிருந்தால் அவருடைய நிறுவைகள் எல்லாம் கூடவே போய்விடும். கூலி பாக்கி என்று அவர் வந்து கேட்டால் காட்ட ஒன்றுமே இருக்காது. ஆளை அழிக்காதீர்கள், 'வேலையில் இல்லை' என்று குறித்து வையுங்கள்.

3. கேள்வி எண்ணிக்கை. 30 ஆட்களை எடுக்க ஒரு கேள்வி. பிறகு ஒவ்வொருவரின் பட்டியலையும் திறக்க ஆளுக்கொன்று. மொத்தம் 31. சேர்த்தெடுக்கும் 'ஜாயின்' மூலம் ஒரே கேள்வியில் முடிக்கலாம்.

இன்னொரு வகையும் உண்டு. தொலைபேசி எண்களைப் போலத் தனி அடையாளம் தேவைப்படாத சின்னப் பட்டியல். அதற்கும் தனி அட்டவணைதான், ஆனால் தனி எண் கிடையாது. வரிசைமுறை குறிக்காத இத்தகைய பட்டியலில் ஒன்றை மாற்றினால், ஹைபர்னேட் அந்த ஆளின் எல்லா வரிசைகளையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதும். மூன்று எண்ணுக்குப் பரவாயில்லை. வருஷக்கணக்கான நிறுவைக்குச் சரிப்படாது.

ஓ.ஆர்.எம். உங்கள் தேர்வில் வராவிட்டாலும் முதன்மைச் சாவி, அயல் சாவி, இயல்பாக்கம் மூன்றும் வரும். விடை எழுதும்முன் உங்களையே கேளுங்கள்: "ஒன்று எது, பல எது?" பல உள்ள பக்கத்தில்தான் அயல் சாவி.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: கணினியைத் திறக்கும்முன், மாணவர்களை அவரவர் பள்ளிக் கழகங்களின் வருகைப் பதிவைத் தாளில் இரண்டு அட்டவணையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு ஓர் உறுப்பினரை அழிக்கச் சொல்லி, அவருடைய வருகைப் பதிவை என்ன செய்வது என்று கேளுங்கள். பாடம் தானாகவே நடக்கும்.